கணுக்காலில் ஒரு பொத்தல்

ரயில்வே கேட் மூடியிருந்தது. தூறல் விட்டபாடில்லை. மறைமலைநகருக்குக் காலை ஷிப்டு போகிற சைக்கிள்கள் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கொத்தாக நின்றன. ஒரு காலைப் பெடலிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, டிபன் பையை ஹாண்டில்பாரில் மாட்டி, எல்லாரும் செங்கல்பட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லா மட்கார்டிலும் ஒரே மஞ்சள் சேறு. கேசவன் வேலியில் ஒரு குச்சியை ஒடித்து, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே அடைந்திருந்த சேற்றை நோண்டி எடுத்தான்.

அவ்வளவு நெருக்கத்திலும் ஓரிடத்தில் மட்டும் வட்டமாக இடம் விட்டிருந்தார்கள். வட்டத்துக்கு நடுவில் லதா நின்றாள். கேசவன் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுப் பெண். காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை. யூனிபார்ம் சுடிதாருக்குக் கீழே, இந்த மழையிலும், வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தாள்.

"யம்மா, நீ முன்னாடி போய் நின்னுக்க. உனுக்குத்தான் லேடீஸ் பொட்டி மாரி தனி எடம் வுட்டுக்கீறோமே" என்றான் பின்னாலிருந்து ஒருவன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"உன் பொண்டாட்டிய கூட்டியாந்து அதுல நிக்க வையி" என்றாள் லதா, திரும்பாமலே.

சிரிப்பு நின்றது. அவள் குனிந்து, ஊறிப்போன சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தாள். மஞ்சளாகத் தண்ணீர் ஒழுகியது. கணுக்கால் எலும்புக்கு மேலே ஒரு புண். ஆணியை வைத்து அடித்த மாதிரி வட்டமாக ஒரு குழி. சுற்றிலும் விளிம்பு கெட்டித்துத் தடித்திருந்தது. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. வலிக்கிற புண்ணைத் தொடுகிற மாதிரி அவள் தொடவில்லை. ஈரத்தைச் சாதாரணமாகத் துடைத்துவிட்டு மறுபடி சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

கேசவன் குச்சியைக் கீழே போட்டான். தன் வலது கையைப் பார்த்தான். ஆள்காட்டி விரல் கணுவிலும், கட்டைவிரல் மடிப்பிலும், நகத்துக்குப் பக்கத்திலும் அதே வட்டங்கள். பழசு, ஆறிக் கருத்தவை. அவன் வேலை செய்கிற, இரும்புக்குக் குரோம் முலாம் பூசுகிற பிளேட்டிங் ஷாப்பில் அதற்குப் பொத்தல் என்று பெயர்.

பிறகு அவன் மற்றவர்களின் கால்களைப் பார்த்தான். செருப்புக்கு மேலே ஒருவனுக்குத் துணிக்கட்டு. இன்னொருவனுக்குப் பிளாஸ்திரி. வாட்ச்மேன் வேலைக்குப் போகிற பெரியவர் ஒருவர் காலில் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பாண்டு போட்டிருந்தார். செருப்புக் கடி, பெடல் கீறல், நாய் பிறாண்டியது என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். லதா மட்டும்தான் சாக்ஸைக் கழற்றினவள்.

எலெக்ட்ரிக் வண்டி வந்து போனது. கேட் தூக்கியதும் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு பாய்ந்தன. கேசவன் நகரவில்லை.

"அண்ணாத்த, தூங்கிட்டியா? ஓட்டுபா!" என்று பின்னாலிருந்தவன் முன்சக்கரத்தால் இடித்தான்.

அந்த மஞ்சள் சேற்றுக்குக் காரணமான ஏரிக்கரை ரோட்டைக் கேட்டு வாங்கினவன் கேசவன்தான்.

அவர்கள் குடியிருக்கிற நகரிலிருந்து ரயில்வே கேட்டுக்கு ஏரிக்கரை வழியாக வந்தால் பாதி தூரம் மிச்சம். ஆனால் கரை வெறும் களிமண். மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். ஷிப்டுக்குப் பிந்தினால் பாதி நாள் போச்சு. பஞ்சாயத்தில் மனு கொடுத்து அலுத்துவிட்டார்கள். போன கோடையில் கேசவன் தன் சூப்பர்வைசர் வாசுதேவனிடம் பேச்சுவாக்கில் சொன்னான். வாசுதேவன் யோசிக்கவே இல்லை.

"நம்ம யார்டுல கெடக்குதே, அத்த அள்ளிட்டுப் போயேன். சாம்பலும் கிராவலும் கலந்து போட்டா சிமென்ட் மாதிரி எறுகிடும். லாரி கம்பெனி லாரி. ஒனக்கு இல்லாததா?"

யார்டில் கிடந்தது குரோம் தொட்டியின் கழிவு. ஷாப்பில் அதைக் களி என்பார்கள். மஞ்சள் தண்ணீரில் மருந்து போட்டுப் பச்சையாக்கி, அதற்கப்புறம்தான் கசடாக்கி எடுக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும்தான் மருந்து மூட்டையைப் பிரிப்பார்கள். மற்ற நாளில் மஞ்சளாகவே அழுத்திச் சாக்கில் கட்டி மதிலோரம் அடுக்கிவிடுவார்கள். மதிலை மறைக்கிற உயரத்துக்கு அது வளர்ந்திருந்தது.

கேசவனுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஷாப்பில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொட்டி மேலே ஆவி வந்துகொண்டே இருக்கும். மூக்கில் முதலில் எரியும், அப்புறம் ரத்தம் வரும், அப்புறம் எதுவும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஒரு வருஷம் கழித்து டெஸ்ட் வைப்பார்கள். நூலை முறுக்கி ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கு வழியாக எடுக்க வேண்டும். நடுத்தண்டு ஓட்டையாகி நூல் வந்துவிட்டால் பாஸ். அவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். கேசவன் பாஸாகிப் பல வருஷம் ஆகிறது. ஆள் இன்னும் காண்ட்ராக்டில்தான். பொங்கலுக்குள் பர்மனென்ட் என்று வாசுதேவன் சொல்லியிருந்தான்.

லோடு லோடாக மண் வந்தது. கரை முழுக்க மஞ்சளும் சாம்பலுமாக ரோடு எழும்பியது. நலச்சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கன் கேசவனுக்குச் சால்வை போர்த்தினார். சைக்கிள்கள் பறந்தன. அக்டோபரில் மழை பிடித்ததும் ரோடு கரைய ஆரம்பித்தது. பள்ளமெல்லாம் மஞ்சள் தண்ணீர் தேங்கியது. அதைத் தாண்டி ஓட்டுகிறபோது பெடல் சறுக்கிக் காலைக் கீறாதவன் நகரில் இல்லை.

கேட்டில் நின்ற அன்று ஷிப்டு முடிந்து கேசவன் வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி அமிர்தவல்லி வாசல் விளக்கைப் போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"லதாவ கம்பெனி கேட்லயே திருப்பி அனுப்ச்சிட்டாங்களாம்" என்றாள். "கூட வேல செய்ற பொண்ணுங்க அது பக்கத்துல ஒக்கார மாட்டோம்னு சொல்லிட்டாளுங்களாம். திருமணி ஆஸ்பத்திரில போயி, ஒண்ணும் இல்லன்னு எழுதி வாங்கினு வந்தாதான் உள்ள வுடுவானாம்."

கேசவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். செங்கல்பட்டைச் சுற்றி ஆறாத புண் ஒன்றைப் பார்த்தால் யாருக்கும் முதலில் வாயில் வருகிற ஊர் திருமணிதான். தொழுநோய் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. சர்க்கரை இல்லை என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்தே லதாவைப் பற்றி அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வர வேண்டிதானே."

"நீ இன்னா வெவரம் இல்லாம பேசற? மதுராந்தகத்து மாப்ள வூட்டுக்காரங்க தை மாசம் தேதி குறிக்கறேன்னு சொல்லிகீறாங்க. அந்த ஆஸ்பத்திரி கேட்டாண்ட பொண்ணு நிக்கறத ஒருத்தன் பாத்தா போதாதா? அப்பறம் டாக்டரு இன்னா எழுதிக் குடுத்தா இன்னா? அதும் அம்மா பச்சையம்மா அழுதுகினே கீது. பொண்ண வூட்ட வுட்டு வெளிய அனுப்ப மாட்டேன்னிடுச்சி."

தட்டில் சோறு போட்டாள். அவன் பிசைகிற கையையே பார்த்தாள்.

"வலி இல்லியாம் அதுக்கு. அதான் எல்லாரும் பயப்புடறாங்க. வலி இல்லாத புண்ணுன்னா அந்த வியாதிதானாம்" என்றாள். பிறகு குரலை இறக்கினாள். "உன் வெரலு மாரியேதான் கீது. நான் பாத்தேன்."

கேசவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"கல்யாணம் ஆன புதுசுல நான் கேட்டப்ப நீதான் சொன்ன. குரோமு துன்னதுன்னு. வலிக்காதுன்னு."

"ம்."

"அப்ப ரோடு?"

அவன் தண்ணீரைக் குடித்தான். தம்ளரைக் கீழே வைத்தான்.

"தை வரிக்கும் வாய மூடிகினு இரு" என்றாள் அமிர்தவல்லி. "பர்மனென்ட் ஆயிட்டா ஆஸ்பத்திரி கார்டு கெடைக்கும். உன் மூக்கக் காட்டலாம். அப்பறம் யாருக்கு வேணாலும் எத்த வேணாலும் சொல்லு." தட்டை எடுத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு செத்து கித்து வெச்சிடப்போவுது" என்றும் சொன்னாள். எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தடாலென்று போட்டாள்.

மறுநாள் கேசவன் வாசுதேவனின் கண்ணாடி ரூமுக்குப் போனான். வாசுதேவன் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையாட்டி உள்ளே கூப்பிட்டான்.

"சார், ரோட்டுல போட்ட களி கரையுது. ஜனங்களுக்குப் பொத்தல் வுழுது."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். என் கண்ணால பாத்தேன். மேல செம்மண்ணு போட்டு மூடணும் சார். இல்லன்னா வாரிடணும். அந்தப் பொண்ணு கம்பெனிக்கு யாராவது ஒரு வார்த்த சொன்னா போதும், அது வியாதி இல்லன்னு."

வாசுதேவன் இட்லியைச் சட்னியில் புரட்டினான். "கம்பெனி ஏதாவது ரோடு போட்டுச்சா கேசவா? எங்கயாவது போர்டு வெச்சிருக்கா?"

"சார்..."

"நீ கேட்ட. நீ அள்ளின. நீ சால்வ போட்டுக்கின. நாளைக்கு எவனாவது கேஸ் கீஸுன்னு போனா போலீசு யாரத் தேடும்? கம்பெனி மண்ணத் திருடிக்கினு போயிட்டான்னு நானே எழுதிக் குடுக்க வேண்டி வரும்." வாயைத் துடைத்துக்கொண்டான். குரல் இளகியது. "உன் பேரு லிஸ்ட்ல கீதுடா. ஆபீஸுக்கு அனுப்பிட்டேன். ஏன்டா நீயே மண்ண வாரித் தலைல போட்டுக்கற? போ. மூணாவது தொட்டி சூடு கம்மியா கீது பாரு."

கேசவன் மூன்றாவது தொட்டிக்குப் போனான். அன்று முழுக்க பம்பர்களை மாட்டி இறக்கினான், ஏற்றினான். ஆரஞ்சு நிறத் தண்ணீரில் இரும்பு முங்கி, கண்ணாடி மாதிரி பளபளத்து மேலே வந்தது. ஒவ்வொன்றிலும் அவன் முகம் நீண்டு வளைந்து தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நலச்சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்களும், தொட்டிச் சுவரோரம் பாய் விரித்துப் பெண்களும் உட்கார்ந்தார்கள். கஸ்தூரிரங்கன் ரிட்டையரான ஆபீஸர். யாரையும் நோகடிக்காமல் பேசுவார்.

"ஒரு சங்கடமான விஷயம். யாரையும் குத்தம் சொல்றதா நெனைச்சுக்கப்படாது. பொதுக் குழாய்ல எல்லாரும் கை வெக்கறோம், கொடம் வெக்கறோம். லதாவுக்கு ஒடம்பு சரியாற வரைக்கும், வேற யாராவது அவாத்துக்குத் தண்ணி புடிச்சுக் குடுத்துடலாம். இது ஒரு மனிதாபிமானம்தான்."

பச்சையம்மா கடைசியில் நின்றிருந்தாள். லதாவும் நின்றிருந்தாள். "எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல சாமி" என்றாள் பச்சையம்மா. "சைக்கிள்ள கீறினது. எல்லாருக்குந்தான் கீறிச்சி."

"எல்லாருக்கும் ஆறிடுச்சி இல்ல?" என்றாள் ஒரு பெண்.

"அப்ப கால நீட்டுங்க, பாக்கலாம்!" என்றாள் லதா.

யாரும் நீட்டவில்லை. சேலைகள் இறங்கின. நாற்காலிகளுக்கு அடியில் கால்கள் பின்னுக்குப் போயின. கஸ்தூரிரங்கன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கேசவன் எழுந்தான். அமிர்தவல்லி பாயிலிருந்து அவனையே பார்த்தாள். தலையை மட்டும் மெல்ல அசைத்தாள், வேண்டாம் என்று.

"அது வியாதி இல்ல" என்றான். "ரோட்டுல கெடக்கறது கம்பெனிக் களி. குரோமு. மஞ்சத் தண்ணி கீறல்ல பட்டா சதையத் துன்னும். வட்டமாத் துன்னும். வலிக்காது. எங்க ஷாப்புல எல்லாருக்கும் கீது. நான்தான் கொண்டாந்தேன். இப்படிக் கரையும்னு நெனைக்கல. திருமணிக்கெல்லாம் போக வேணாம். ரோட்ட வாரிட்டா போதும். ஏரித் தண்ணியில மாட்ட எறக்காதீங்க, குளிக்காதீங்க."

"என்னப்பா சொல்றே? நீ கொண்டுவந்த மண்ணுதானே?" என்றார் கஸ்தூரிரங்கன். "இதையெல்லாம் வெளில பேசினா இந்த நகர்ல எவன் மனை வாங்குவான்? நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"படிக்கல சார். இதோ பாருங்க." கேசவன் நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தான். "இதுவும் அதுவும் ஒண்ணா இல்லியா, நீங்களே சொல்லுங்க. லதா, இங்க வாம்மா. கால காட்டு."

லதா வந்து, செருப்பை விட்டு, காலை நாற்காலி மேல் தூக்கி வைத்தாள். கேசவன் தன் கையைப் புண்ணுக்குப் பக்கத்தில் வைத்தான். அளவு கூட ஒன்றாக இருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆமா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று முன்வரிசையில் இருந்தவன் மெதுவாகச் சொன்னான்.

"அதான் சொல்றேன்."

"உனுக்கு இது எப்பத்திலருந்து கீது?"

"ஆறு வருஷமா."

தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கஸ்தூரிரங்கன் நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தார். நாற்காலிக் கால் சிமென்டில் கிறீச்சென்றது.

"ஆறு வருஷமா வெச்சிகினு, ஒரு வார்த்த சொல்லாம நம்ம கூடவே டீ குடிச்சினு இருந்துகீறான்" என்றான் அதே முன்வரிசை ஆள்.

"ஒரே பொத்தல், ரெண்டு பேருக்கும்" என்று பாயிலிருந்து ஒரு குரல். "மூணு வூடு தள்ளித்தானே இருக்காங்க."

"இன்னாடி சொல்ற?" என்று அமிர்தவல்லி எழுந்தாள்.

"நான் இன்னாத்த சொன்னேன்? இருக்கறத சொன்னேன்."

அமிர்தவல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பாயின் ஓரத்துக்கு நகர்ந்தாள். அடுத்தவளும் நகர்ந்தாள். கேசவன் கையை விரித்தபடியே நின்றான். மூக்கில் நூல் போகும் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

லதா காலைக் கீழே இறக்கினாள். "அண்ணா, போதும். நீ ஒக்காந்துடுண்ணா" என்றாள்.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அவனை ஓரமாக நிற்கச் சொன்னான். உள்ளேயிருந்து வாசுதேவன் போனில் சொல்லி அனுப்பியிருந்தான். செக்யூரிட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஒப்பித்தான்.

"உங்க நகர்லருந்து கம்ப்ளெய்ன்ட் வந்துகீதாம். திருமணில டெஸ்ட் பண்ணிக்கினு வரணுமாம். கம்பெனி ரூல்."

"உள்ள அத்தினி பேருக்கும் கீது இது. நீயே பாத்துகீற."

"எனுக்கு இன்னா தெரியும் அண்ணாத்த? நான் கேட்டத் தெறக்கறவன்." பிறகு, "பேஜாரு பண்ணாதபா. சைக்கிள எடு" என்றான்.

கேசவன் நகருக்குத் திரும்பியபோது லதா சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதுராந்தகத்திலிருந்து நேற்று ராத்திரியே சம்பந்தம் வேண்டாம் என்று போன் வந்துவிட்டதாம். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

"நீயும் அங்கதானே?" என்றாள் லதா.

"ஆமா."

"முன்னாடி போ. நான் பின்னாடியே வரேன். ஒண்ணா போனா அதுக்கும் பேசுவாளுங்க."

ஏரிக்கரையில் அவன் முன்னாலும் அவள் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலும் ஓட்டினார்கள். மழை பலத்தது. ரோட்டின் நடு மேடு மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி மஞ்சள் தண்ணீர் ஓடி ஏரியில் இறங்கியது. பாதி வழியில் எதிரே கம்பெனி லாரி வந்தது. கேசவன் பிரேக் பிடித்தான். லாரியும் முக்கி நின்றது. டிரைவர் பன்னீர்செல்வம் தலையை நீட்டினான்.

"இன்னா அண்ணாத்த, டூட்டி இல்லியா?"

"இன்னாபா லோடு?"

"நம்ம களிதான். ஏரிக்கு அந்தாண்ட புது நகர் போடறாங்க இல்ல? உங்க ரோட்டப் பாத்து அவங்களும் கேட்டாங்களாம். வாசுதேவன் சார் இன்னிக்குள்ள யார்ட காலி பண்ணச் சொல்லிட்டாரு. ஒத்துபா, டைம் ஆவுது."

லதா அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துப் போட்டாள். நேரே லாரியின் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அத்தக் கொட்டாதண்ணே."

"யாரும்மா நீ? வண்டிய எடு."

"கொட்டாதண்ணே. இங்க பாரு." அவள் சாக்ஸை உருவி எறிந்தாள். ஒரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, லாரியின் படியில் காலைத் தூக்கி வைத்தாள். சுடிதாரை மேலே இழுத்தாள். மழைத்தண்ணீர் அந்தக் குழிக்குள் நிறைந்து வழிந்தது. "அதுல இருக்கறதுதான் இத்தப் பண்ணிச்சி. பாத்துக்கோ. நல்லாப் பாத்துக்கோ."

பன்னீர்செல்வம் காலைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கேசவனைப் பார்த்தான். நகரில் பேசிக்கொண்டது அவன் காதுக்கும் போயிருந்தது என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. கதவுக் கண்ணாடியை ஏற்ற ஆரம்பித்தான். கைப்பிடி இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் சுற்றினான். வலது கைக் கட்டைவிரலில் துணி சுற்றி நூலால் கட்டியிருந்தது.

கண்ணாடி மேலே போய் முட்டியது. ஹாரன் அடித்தான். கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தான்.

கேசவன் அவள் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டான். மேட்டில் இரண்டு பேருக்கும் லாரிக்கும் சேர்த்து இடமில்லை. அவன் ஓரத்தில் இறங்கினான். சற்று நின்று, அவன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு லதாவும் இறங்கினாள். தார்ப்பாய் நுனியிலிருந்து ஒழுக்கிக்கொண்டே லாரி கடந்து போகிறவரை, சைக்கிள்களைத் தோளில் தாங்கிக்கொண்டு, கணுக்கால் முழுக மஞ்சள் தண்ணீரில் இருவரும் நின்றார்கள்.